இரண்டாவது குழாய் எங்கே தொடங்குகிறது?

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வாக்கியம் கட்டாயம் வந்து விழும்: "இரட்டைப் புகைக்குழாய் போட்டுப் பாருங்கள், இழுவை வேறு மாதிரி இருக்கும்." கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலையும்போது கேட்டிருக்கிறேன். கல்யாண மண்டப வாசலில், மணமக்கள் வந்திறங்கிய காரைச் சுற்றி நின்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெள்ளவத்தையில் என் அண்ணன் மகன் தன் மொரிஸ் மைனரைத் துடைத்துக்கொண்டே இதையேதான் சொல்கிறான். இவர்கள் யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. வண்டியை உயிராக வைத்திருப்பவர்கள். அதனால்தான் எனக்கு இது ஆறவே இல்லை. காரின் பின்புறத்தில் வாய் ஒன்றா இரண்டா என்பது முன்புறத்தில் ஓடும் எஞ்சினுக்கு எப்படித் தெரியும்? தெரியும் என்றால், எல்லா எஞ்சின்களுக்கும் தெரியுமா? என் மாமாவின் ஜாகுவாரை ஒற்றைக் குழாயிலிருந்து இரட்டைக் குழாய்க்கு மாற்றிய வேலை முடிந்த பிறகே இதற்கு நான் உறுதியாக ஒரு பதில் சொல்ல முடிகிறது.

மாமாவின் கார் 1962ஆம் ஆண்டு மார்க் 2. அந்த வரிசையில் 2.4, 3.4, 3.8 லீற்றர் என்று மூன்று எஞ்சின்கள் இருந்தன. அவருடையது சிறியது, 2483 கன சென்ரிமீற்றர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில், மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்ட தோட்டத் துரை ஒருவரிடமிருந்து வாங்கினார். இறக்குமதி இறுகிக் கிடந்த நாட்கள் அவை. ஒரு கேஸ்கட்டுக்குக்கூட ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. 1983 யூலைக் கலவரத்தில் தெருவில் நின்ற கார்கள் எரிந்தபோது, இது சில்லுகள் கழற்றப்பட்டு, ஒரு சிங்கள நண்பரின் வீட்டுக் கராஜில் கட்டைகளின் மேல் நின்றது. இத்தனைக்கும் பிறகு மாமாவின் மனதில் ஆறாமல் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான்: 3.4, 3.8 கார்கள் தொழிற்சாலையிலிருந்தே இரட்டைக் குழாயோடு வந்தன, அவருடைய 2.4 ஒற்றைக் குழாயோடு வந்தது. "எஞ்சின் ஒரே குடும்பம், தம்பி. மூச்சு விடுவதில் மட்டும் ஏன் இந்த வேற்றுமை?" என்று என்னிடம் பல முறை கேட்டிருக்கிறார்.

2022 இந்தக் கேள்விக்கு வழி திறந்துவிட்டது. வாரத்துக்கு 20 லீற்றர் என்று கார்களுக்கு எரிபொருள் அளந்து தரப்பட்ட நாட்களில், ஜாகுவாரை எடுக்க யாருக்கு மனம் வரும்? இடைக்கிடையே கேற்று வரை ஓட்டி, பின்னால் எடுத்து நிறுத்துவதோடு சரி. ஒரு சைலன்சருக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகக் குழாய் வழியே போகிறது. குழாய் நன்றாகச் சூடேறினால் அந்த ஆவி வெளியே போய்விடும். சூடேறும் முன்பே எஞ்சினை நிறுத்தினால் உள்ளேயே நீராகத் தங்கிவிடும். வெளியே பம்பலப்பிட்டியின் உப்புக் காற்று, உள்ளே புளித்த நீர். மறு வருடம் சைலன்சரின் அடிப்பகுதி விரலால் அழுத்தினால் உள்ளே போகும் நிலைக்கு வந்துவிட்டது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றான பின், மாமா தன் பழைய ஆசையைக் கையில் எடுத்தார்.

முதலில் வேலை செய்த கராஜின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் புதிய சைலன்சர் ஒன்றைப் போட்டு, அதன் பின்னால் குழாயைக் கவட்டை போலப் பிளந்து, பம்பருக்குக் கீழே இரண்டு பளபளக்கும் வாய்களை நீட்டிவிட்டார்கள். பின்னாலிருந்து பார்த்தால் அசல் 3.8. ஓட்டினால் அதே 2.4, கூடவே, மணிக்கு 60 கிலோமீற்றர் அளவில் தலைக்குள் புகுந்து நிற்கும் ஒரு ரீங்காரம். மாமா கொஞ்ச நாள் பெருமையாக ஓட்டினார். பிறகு ஓட்டுவதைக் குறைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இரண்டு குழாய் போட்டாயிற்று, எஞ்சினுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை" என்றார். எனக்குள் நெடுநாளாக இருந்த கேள்வியை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஈரச் சாக்கு

மாளிகாவத்தையில், பெயர்ப்பலகை எதுவும் இல்லாத ஒரு பட்டறைக்கு இருவரும் போனோம். அங்கே வேலை செய்பவரை எல்லோரும் நானா என்றுதான் அழைக்கிறார்கள். எழுபதைத் தொட்டவர். ஒரு புகைக்குழாயை வளைக்க, காய்ந்த மணலை உள்ளே இறுக நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து, காஸ் விளக்கால் சுட்டுச் சுட்டு வளைக்கத் தெரிந்த ஆள். இயந்திரத்தில் போட்டு நசுக்கி வளைத்தால் வளைவின் உட்புறம் சுருங்கி, குழாயின் வட்டம் முட்டையாகிவிடும். மணல் நிரப்பினால் வட்டம் வட்டமாகவே நிற்கும். மணல் துளி ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஆவி கட்டி வெடிக்கும் என்பதற்காக அதைத் தாச்சியில் போட்டு வறுக்கிறார். இப்படி வேலை செய்பவர்கள் கொழும்பில் அருகிக்கொண்டே வருகிறார்கள். அவருக்குப் பிறகு அந்தத் தாச்சியை எடுக்க யாராவது இருக்க வேண்டும் என்பது என் பெரிய கவலைகளில் ஒன்று.

நானா காரின் கீழே உடனே போகவில்லை. எஞ்சினை ஓடவிடச் சொன்னார். ஒரு சாக்குத் துண்டை நீரில் நனைத்து மடித்து, பின்னால் குந்தி, இடப்பக்க வாயில் வைத்து அழுத்தினார். எஞ்சின் அசையவில்லை, ஓட்டம் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. வலப்பக்க வாயில் மட்டும் காற்று சற்றுக் கூடுதலாக வந்தது. பிறகு வலப்பக்கத்தை அடைத்தார். அதே கதை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, இந்த வண்டிக்குக் குழாய் ஒன்றுதான். வால்தான் இரண்டு" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு வெளிச்சம் விழுந்தது. எத்தனை குழாய் என்பதை பம்பரில் நின்று எண்ணக் கூடாது. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்குள் விடும் மனிஃபோல்டில் நின்று எண்ண வேண்டும். சைலன்சர் வரை ஒரே குழாயில் முட்டி மோதி வந்த புகைக்கு, கடைசி மூன்று அடியில் இரண்டு வாசல் திறந்து வைப்பதால் என்ன லாபம்? அது ஏற்கெனவே தன் நெரிசலையெல்லாம் கடந்து வந்துவிட்டது.

நானா பிறகு பொனற்றைத் திறந்து காட்டியது இன்னும் முக்கியமானது. ஜாகுவாரின் அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் வெளியேற்று மனிஃபோல்ட் ஒன்றல்ல, இரண்டு. முன் மூன்று சிலிண்டர்களுக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று. அவற்றிலிருந்து இறங்கும் குழாய்கள் பிறகுதான் ஒன்றாகின்றன. அதாவது, இந்த எஞ்சின் வரையும்போதே இரண்டு மூச்சுக்காக வரையப்பட்டது. 2.4இல் அந்த இரண்டையும் கீழே சேர்த்துக் கட்டி ஒன்றாக்கிவிட்டார்கள். 1967இல் அதே கார் 240 என்ற பெயரில் வந்தபோது, எஞ்சினின் தலைப்பகுதியையும், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபுரேற்றர்களையும் மாற்றியதோடு இரட்டைக் குழாயையும் ஜாகுவாரே போட்டது. வலு 120 குதிரையிலிருந்து 133 ஆனது. அந்தப் 13 குதிரையும் குழாயால் வந்தவை என்று யாரும் சொல்லக் கூடாது. பெரும்பங்கு தலைப்பகுதிக்கும் காபுரேற்றருக்கும் உரியது. ஆனால் மாமாவின் ஆசைக்கு, அந்தக் காரைப் படைத்தவர்களே முன்னுதாரணம் வைத்துப் போயிருக்கிறார்கள்.

எஞ்சின் சொல்லும் கணக்கு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் இந்த ஒரு வரிசையில் இருக்கிறது: 1-5-3-6-2-4. ஆறு சிலிண்டர்களும் தீப்பற்றும் ஒழுங்கு இது. ஜாகுவாரில் ஒரு விசேஷம், முதலாம் சிலிண்டரைப் பின்னாலிருந்து எண்ணுவார்கள். ஆக 1, 2, 3 பின்வரிசை. 4, 5, 6 முன்வரிசை. இப்போது அந்த ஒழுங்கைத் திரும்பப் படியுங்கள்: பின், முன், பின், முன், பின், முன். ஒரு பிசகில்லாமல் மாறி மாறி வருகிறது. எஞ்சினின் சுழலும் அச்சான கிராங்க் தண்டு 120 பாகை சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளுகிறது. ஒவ்வொரு வெளியேற்று வால்வும் ஏறத்தாழ 240 பாகைக்குத் திறந்திருக்கும். எல்லாம் ஒரே குழாயில் போனால், ஒரு சிலிண்டர் தன் கடைசிப் புகையை வெளியேற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததன் புகை இடித்துக்கொண்டு வந்துவிடும். முன் மூன்றையும் பின் மூன்றையும் பிரித்துவிட்டால், ஒவ்வொரு குழாயிலும் 240 பாகைக்கு ஒருமுறைதான் புகை வரும். ஒருவர் போய் முடிய மற்றவர் வருகிறார்.

"புகை வெளியேறக் கொஞ்சம் எதிரழுத்தம் வேண்டும், இல்லாவிட்டால் இழுவை போய்விடும்" என்று ஒரு நம்பிக்கையும் ஊரில் உண்டு. எதிரழுத்தத்தால் எந்த எஞ்சினுக்கும் நன்மை இல்லை. வேண்டியது வேகம். புகை வேகமாக ஓடினால் தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பு சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் வெளியே எடுக்கும். குழாய் தேவைக்கு மிஞ்சி அகலமானால் புகை சோம்பிவிடும், குறைந்த வேகத்தில் வண்டி இழுக்காது. மக்கள் எதிரழுத்தம் என்று தவறாகப் பெயர் வைப்பது இந்தச் சோம்பலுக்குத்தான். காலி வீதியில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற காருக்குக் குறைந்த வேக இழுவைதான் உயிர்.

மாமாவுக்கு இரண்டு அங்குலக் குழாய்கள் இரண்டு வேண்டும் என்று ஆசை. நானாவும் நானும் சேர்ந்து மறுத்தோம். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. இரண்டு அங்குலக் குழாய்கள் இரண்டு சேர்ந்தால், ஏறத்தாழ 2.8 அங்குலக் குழாய் ஒன்றுக்குச் சமம். 120 குதிரை எஞ்சினுக்கு அது மிக அதிகம். ஒன்றரை அங்குலக் குழாய்கள் இரண்டு சேர்ந்தால் 2.1 அங்குலம் ஒன்றுக்குச் சமம், போதும். "சின்னதாகத் தெரியுமே" என்றார் மாமா. "எஞ்சினுக்குக் கண் கிடையாது, ஐயா" என்றார் நானா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேலை மெதுவாக நடந்தது, நடக்கத்தான் வேண்டும். மனிஃபோல்டுகளை யாரும் தொடவில்லை. பழைய கீழிறங்கு குழாயை வெட்டாமல் கழற்றி, எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி மாமாவின் கராஜ் உத்தரத்தில் கட்டியிருக்கிறோம். அடுத்த தலைமுறையில் யாராவது தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப நினைத்தால் ஒரு பகல் வேலை. அறுபது வயது தாண்டிய காரில் கை வைப்பவர்கள் எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றுதான்: கழற்றுங்கள், வெட்டாதீர்கள். இரண்டாவது குழாயைக் கீழே கொண்டுபோவதுதான் உண்மையான சங்கடம். பிரேக் குழாய்க்கும் பெற்றோல் குழாய்க்கும் பக்கத்தில் சூடான குழாய் போகக் கூடாது. கொழும்பு நெரிசலில் பெற்றோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும். பின் அச்சு மேலும் கீழும் ஏறி இறங்க இடம் விட வேண்டும்; மார்க் 2இன் பின்புறத்தில் அச்சைப் பக்கவாட்டில் பிடித்து நிற்கும் தண்டு ஒன்று குறுக்கே கிடக்கிறது, அதற்கும் வழி விட வேண்டும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடுவது, ஆகவே குழாய்களும் ரப்பரில்தான் தொங்க வேண்டும். நானா ஒவ்வொரு வளைவையும் முதலில் தடித்த கம்பியில் வளைத்துக் காரின் கீழே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மணலை வறுத்தார். வால் முனைகளை பம்பருக்குச் சற்று வெளியே நீட்டினார். ஏசி இல்லாத காரில் ஜன்னல்கள் திறந்தே இருக்கும். முனை உள்ளடங்கி நின்றால் புகை சுழன்று பின் இருக்கைக்கே வந்துவிடும். அதிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

முடிந்த அன்று நானா மறுபடியும் சாக்கை நனைத்தார். ஒரு வாயை அடைத்தார். எஞ்சின் திக்கித் திணறி, காரே குலுங்கி, நிற்கப் போனது. மூன்று சிலிண்டர்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. மாமா கைதட்டினார்.

சத்தம் மாறிவிட்டது, ஆனால் பெருகவில்லை. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒற்றைக் குழாயில் விநாடிக்கு 150 துடிப்புகள் போயின. இப்போது ஒவ்வொரு குழாயிலும் 75. அதிர்வெண் சரிபாதி என்றால் இசைக் கணக்கில் ஒரு ஸ்தாயி கீழே. காரின் ஒரு பக்கமாக நின்று கேட்டால் அந்தக் கீழ் ஸ்தாயி தெளிவாகக் கேட்கிறது. குழாய்க்கு ஒன்றாக நல்ல சைலன்சர்கள் இரண்டு போட்டதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சைலன்சரைக் குடைந்து காலியாக்கிவிட்டு நள்ளிரவில் மரைன் டிரைவில் கர்ஜித்துப் போகிறவர்களால், பொலிஸார் இப்போது பழைய கார் எது கண்ணில் பட்டாலும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அடுக்குமாடிகளில் குழந்தைகளும் நோயாளிகளும் தூங்கும் நகரம் இது. சத்தத்தைக் கூட்டுவதற்காகவே குழாயை மாற்ற நினைப்பவருக்கு என்னிடம் உதவி கிடைக்காது.

இழுவை கூடியதா என்று கேட்பீர்கள். கீழ்வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. குறையவும் இல்லை, அதுவே வெற்றி. 3000 சுற்றுக்கு மேலே எஞ்சின் இலகுவாக ஏறுகிறது. கட்டுநாயக்க அதிவேக வீதியில் அதை நன்றாக உணரலாம், கொள்ளுப்பிட்டியில் உணர முடியாது. இதற்கு ஒரு விலையும் உண்டு. புகை இரண்டாகப் பிரிந்ததால் ஒவ்வொரு குழாயும் முன்னைவிடக் குளிர்ச்சியாக ஓடுகிறது. நீர் தங்கும் ஆபத்துக் கூடுகிறது. கிட்டிய ஓட்டங்களுக்கே காரை எடுப்பவர் இரட்டைக் குழாய் போட்டால், இரண்டு சைலன்சர்களையும் சீக்கிரமாக உக்கவிடுவார். மாமா இப்போது ஞாயிறுகளில் நீர்கொழும்பு வரை போய்வருகிறார்.

மைனருக்கு என்ன செய்வது?

அண்ணன் மகன் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அப்போ எனக்கும் போடலாம்தானே, சித்தப்பா?" என்றான். இல்லை என்றேன், காரணத்தையும் சொன்னேன். மைனரின் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கு வெளியேற்று வாசல்கள் மூன்றுதான்: முதலாவதற்கும் நான்காவதற்கும் தனித்தனியே, நடுவில் உள்ள இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. தீப்பற்றும் ஒழுங்கு 1-3-4-2. இந்த ஒழுங்கில் நடுவிலுள்ள 2, 3 இரண்டும் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வருகின்றன. ஓரத்திலுள்ள 1, 4 இரண்டும் அப்படியே. ஆகவே இதிலும் பிரிக்க வேண்டிய இடம் இருக்கிறது, ஆனால் அது மனிஃபோல்டுக்கு மிக அருகில். ஓரக் கிளைகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, நடுக் கிளையைத் தனியாக நீளவிட்டு, பிறகு ஒரே குழாயில் இணைக்கும் நீள் நடுக்கிளை மனிஃபோல்ட் என்று ஒன்று இந்த எஞ்சினுக்கென்றே உண்டு. இதே குடும்பத்து எஞ்சின் உள்ள மினி காரை ஓட்டுபவர்கள் பல தலைமுறைகளாகப் போடுவது. அவன் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அது. பின்னால் வால் ஒன்றே போதும்.

அவன் விடவில்லை. "பீட்டிலுக்கு இரண்டு வால் இருக்கிறதே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. 1956 மாதிரியிலிருந்து ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு வால் இரண்டு, சைலன்சர் ஒன்று. ஆனால் அங்கே எஞ்சினே பின்னால்தான் இருக்கிறது. நான்கு சிலிண்டர்களும் இரு பக்கமாகப் படுத்திருக்கின்றன. இரு பக்கத்துப் புகையும் குறுக்கே கிடக்கும் ஒரே பெட்டிக்குள் வந்து, அதே இடத்தில் வெளியேறுகிறது. அந்த இரண்டு வால்களும் அந்த அமைப்போடு சேர்ந்தே பிறந்தவை. மைனரின் நீண்ட ஒற்றைக் குழாயின் முடிவில் கவட்டை வைப்பதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். நான் அவனை அவசரப்படுத்தவில்லை.

ஜாகுவாரில் ஒரு வேலை பாக்கி. காரின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போனபோது, குழலை எந்த வாயில் வைப்பது என்று அங்கிருந்த இளைஞர் தயங்கினார். இரண்டிலும் வைத்துப் பாருங்கள், தம்பி என்று கேட்டுக்கொண்டேன். இரண்டிலும் தேறியது, ஆனால் முன்வரிசைக் குழாயில் காபனோரொட்சைட்டு கூடுதலாகக் காட்டியது. ஒற்றைக் குழாய் இருந்தவரை இரண்டு வரிசையின் புகையும் கலந்து சராசரியாகவே வந்ததால், இந்த வேற்றுமை யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. 2.4இல் சோலெக்ஸ் காபுரேற்றர்கள் இரண்டு. முன்னது பெரும்பாலும் முன் மூன்றுக்கு ஊட்டுகிறது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம்: பின் மூன்றும் நல்ல பழுப்பு, முன் மூன்றும் கரி படிந்த கறுப்பு, அதாவது அங்கே பெற்றோல் கூடுதலாகப் போகிறது. முன் காபுரேற்றரில் பெற்றோல் வரும் சிறு துளைகளான ஜெட்டுகளையும் மிதவையின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். மாமா ஏற்கெனவே கேஸ்கட்டுகளுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.